முள்ளு மீட்டர், டிஜிட்டல் மீட்டர், புளூடூத் ஸ்கேனர்: டிபிஎஸ் செக் பண்ண எது சரியா வரும்?

ஃபெடரல் ஹைவேல ஜேம்ல ஊர்ந்துகிட்டு இருக்கறப்ப லேசா மிதிச்சா காடி ஒரு உதறு உதறும், இன்னும் கொஞ்சம் மிதிச்சா ஒரு நொடி ஒண்ணுமே நடக்காது, அப்புறம் திடீர்னு இழுக்கும். சிக்னல்ல நின்னா ஐடில் (கால் வைக்காதப்ப இன்ஜின் ஓடற வேகம்) ஏறி ஏறி இறங்கும், ஆட்டோ கியரா இருந்தா கண்ட நேரத்துல கியர் மாறும். இந்த நாலையும் சொன்னீங்கன்னா பத்துல எட்டுப் பேரு "டிபிஎஸ் போச்சு, மாத்திருங்க"ன்னுதான் சொல்வாங்க. டிபிஎஸ்ங்கறது த்ராட்டில் எவ்வளவு திறந்திருக்குன்னு இன்ஜின் கம்ப்யூட்டருக்கு சொல்ற சென்சார். அது போயிருக்கலாம்தான், ஆனா காசு குடுக்கறதுக்கு முன்னாடி போச்சான்னு பாக்கணும் இல்லையா. ஃபோன்ல ஏதோ ஒரு நம்பர் காட்டுதுன்னு ஸ்கேனரை மட்டும் நம்பி நல்ல சென்சாரை கழட்டிப் போடறவங்களையும், அதே நம்பரை நம்பி கெட்டுப்போன சென்சாரோட மாசக்கணக்கா ஓட்டறவங்களையும் பாத்தா எனக்கு நெஜமாவே மனசு கேக்கறதில்ல.

முதல்ல உள்ள என்ன இருக்குன்னு பாத்துருவோம், அது தெரியாம எந்த மீட்டர் நல்லதுன்னு பேசி பிரயோஜனம் இல்ல. இன்ஜினுக்கு காத்து போற வழியை திறந்து மூடற த்ராட்டில் பாடி பக்கத்துல ரெண்டு ஸ்க்ரூல நிக்கிற சின்ன கறுப்பு டப்பாதான் டிபிஎஸ். உள்ள ஒரு கார்பன் தடம், அது மேல உரசிக்கிட்டே போற ஒரு சின்ன உலோகக் கை, அவ்வளவுதான். ஒரு வயர்ல ஈசியு, அதாவது இன்ஜின் கம்ப்யூட்டர், 5 வோல்ட் அனுப்பும், ஒண்ணு எர்த், இன்னொண்ணு சிக்னல். கால எடுத்துட்டா சிக்னல்ல சுமாரா 0.5 வோல்ட், முழுசா மிதிச்சா 4.5 பக்கம் வரும், காடிக்கு காடி கொஞ்சம் மாறும். சில காடில நாலாவது வயரும் இருக்கும், அது ஐடில் சுவிட்ச். நாம ஓட்டற நேரத்துல முக்காவாசி கால் லேசாத்தான் மிதிச்சிருக்கும், அதனால தடமும் ஐடிலுக்கு கொஞ்சம் மேல உள்ள அந்த இடத்துலதான் தேயும். முழுசா மூடினப்பவும் சரி, முழுசா திறந்தப்பவும் சரி, ரீடிங் அழகா வரும். நடுவுல ஒரு இடத்துல மட்டும் கை தடத்தை விட்டு ஒரு கணம் துள்ளும், அந்த கணத்துல ஈசியு என்ன நினைக்கும்னா நீங்க கால எடுத்துட்டீங்கன்னு. உதறல் அங்கேர்ந்துதான் வருது. அந்த ஒரு கணத்தை எது காட்டிக் குடுக்கும்ங்கறதுதான் கேள்வி.

இப்ப புளூடூத் ஸ்கேனர். ஐம்பது வெள்ளிக்குள்ளயே கிடைக்குது, காடில கோளாறு பாக்கறதுக்குன்னு இருக்கற சாக்கெட்ல குத்தினா ஃபோன்ல த்ராட்டில் பர்சென்டேஜ் வரும், பானெட் கூட திறக்க வேணாம். ஈசியு பதிஞ்சு வைக்கற கோளாறு கோடு (code) படிக்கறதுக்கு இதை விட வசதி இல்ல: P0122 வந்தா சிக்னல் வோல்டேஜ் ரொம்ப கம்மி, P0123 வந்தா ரொம்ப ஜாஸ்தி, P0121ன்னா மத்த சென்சாருங்க சொல்றதோட ஒத்து வரல. P0124 வந்தா விட்டு விட்டு வர்ற கோளாறு. இன்னொண்ணும் தெரிஞ்சுக்குங்க, கால எடுத்தப்பவும் ஸ்கேனர்ல 10, 12ன்னு காட்டும், சில காடில இன்னும் கூடவே காட்டும், அது கோளாறு இல்ல, 5 வோல்ட்ல 0.5 வோல்ட்ங்கறது 10 சதவீதம்தானே. பூஜ்யம் காட்டலைன்னு சென்சாரை திருகிடாதீங்க. ஆனா அந்த துள்ளலை இது பிடிக்குமான்னா பெரும்பாலும் பிடிக்காது. ஒவ்வொரு ரீடிங்கையும் ஈசியு கிட்ட கேட்டு வாங்கி வர்றதுக்குள்ள துள்ளல் முடிஞ்சிருக்கும், ஸ்க்ரீன்ல ஆர்பிஎம், ஹீட்டுன்னு நாலு மீட்டரை சேத்து வச்சிருந்தா இன்னும் ஸ்லோ. அதோட பழைய புரோட்டான் வீரா எம்பிஐ (இன்ஜெக்‌ஷன் மாடல்) மாதிரி காடிங்கள்ல இந்த சின்ன ஸ்கேனருங்க பேசவே பேசாது, சாக்கெட் பாத்தா ஒரே மாதிரி இருந்தாலும் உள்ள பாஷை வேற.

டிஜிட்டல் மீட்டர் அடுத்தது. சாவியை ஆன்ல வைங்க, இன்ஜின் ஸ்டார்ட் பண்ண வேணாம், கனெக்டரை கழட்டாம பின்னாடி வழியா மெல்லிசா ஒரு குண்டூசியை விட்டு அளக்கணும். வயர் மேல தோலை குத்தி அளக்கறவங்க இருக்காங்க, தயவு செஞ்சு வேணாம், நம்ம ஊரு மழைக்கும் புழுக்கத்துக்கும் அந்த ஓட்டை வழியா ஈரம் ஏறி செம்பு பச்சையா பூத்துரும், ஆறு மாசம் கழிச்சு அது வேற ஒரு தலைவலி. முதல்ல 5 வோல்ட் வருதான்னு பாருங்க. அடுத்து எர்த் வயருக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவுல பாருங்க, 0.1 வோல்ட்டுக்கு மேல இருந்தா கோளாறு எர்த்ல, சென்சார் மேல பழி போட்டு பிரயோஜனம் இல்ல. இந்த எர்த் டெஸ்ட்டை நிறைய வொர்க்‌ஷாப்ல செய்யறதே இல்லங்கறதுதான் கொடுமை. அப்புறம் சிக்னல். இந்த வேலைங்க எல்லாத்துக்கும் டிஜிட்டல்தான் ராஜா, 0.48ஆ 0.52ஆன்னு துல்லியமா சொல்லும். ஆனா சாதாரண டிஜிட்டல் மீட்டர் ஒரு நொடிக்கு ரெண்டு மூணு தடவைதான் நம்பரை மாத்தும், ஆட்டோ ரேஞ்ச் வேற இருந்தா நடுவுல ரேஞ்ச் மாத்திக்கிட்டு நிக்கும், த்ராட்டிலை திருப்பறப்ப நம்பர் எப்படியும் ஓடிக்கிட்டேதான் இருக்கும், அதுல ஒரு நம்பர் விட்டுப் போனா யார் கண்ணுக்கு தெரியும்?

முள்ளு மீட்டரை யாரும் மதிக்கறதில்ல, தாத்தா காலத்து சாமான்னு நினைக்கறாங்க. என்னைக் கேட்டா இந்த வேலைக்கு இதுதான் மொத எடம். கோலாலம்பூர் ஜாலான் பாசார்ல எலக்ட்ரானிக்ஸ் கடைங்கள்ல இப்பவும் கிடைக்குது. 10 வோல்ட் ரேஞ்சுல வச்சு, த்ராட்டில் கையை விரலால ரொம்ப ரொம்ப மெதுவா திருப்புங்க, முள்ளு எண்ணெய் ஊத்தின மாதிரி வழுக்கிக்கிட்டு ஏறணும். தேஞ்ச இடம் வந்ததும் முள்ளு படக்குனு கீழ துடிச்சு திரும்ப மேல வரும், எதுவும் தெரியாதவங்களுக்கு கூட கண்ணுக்கு நேரா தெரியும். அந்த முதல் கால்வாசி தூரத்தை போயி போயி வாங்க, அங்கதான் அகப்படும். இன்ஜின் ஜில்லுன்னு இருக்கறப்ப ஒழுங்கா ஏறிட்டு, ஒரு சுத்து ஓட்டி சூடாக்கினதும் துடிக்கறது நிறைய உண்டு, அதனால சூட்டுலயும் ஒரு தடவை பாக்காம நல்லதுன்னு முடிவு கட்டாதீங்க. ஸ்க்ரூ டிரைவர் பிடியால டப்பாவை லேசா தட்டிப் பாக்கறதும் நல்லது. இதுக்கு ஒரே குறை, ரொம்ப மலிவான முள்ளு மீட்டர் வோல்டேஜை ஒரு நூல் கம்மியா காட்டும், அதனால அட்ஜஸ்ட் பண்ண இதை வச்சுக்காதீங்க.

ஆசிலோஸ்கோப் இருக்கற வொர்க்‌ஷாப் கிடைச்சா பேச்சே இல்ல, வோல்டேஜ் கோடு எங்க உடையுதுன்னு ஸ்க்ரீன்ல படமாவே தெரியும், ஆனா ஒரு டிபிஎஸ்ஸுக்காக அதைத் தேடி அலைய வேண்டியதில்ல.

அட்ஜஸ்ட் விஷயத்துக்கு வருவோம், இங்கதான் காடியை கெடுக்கறாங்க. வீரா, சத்ரியா மாதிரி மிட்சுபிஷி இன்ஜின் போட்ட காடிங்க பலதுல ஸ்க்ரூ ஓட்டை நீளமா இருக்கும், டப்பாவை கொஞ்சம் திருப்பலாம். ஓட்டை வட்டமா இருந்தா திருப்ப எடமே இல்ல, மூடின நிலையை ஈசியு தானா கத்துக்கும், ஓட்டையை அரத்தால ராவி பெருசாக்கற வேலையெல்லாம் வேணாம். கேபிள் இல்லாம மோட்டர் திறக்கற எலக்ட்ரானிக் த்ராட்டில் காடில ரெண்டு சிக்னல் ஒண்ணை ஒண்ணு சரி பாத்துக்கிட்டே இருக்கும், அதுல கையே வைக்கக் கூடாது.

திருப்பற டைப்புல ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு வோல்டேஜ் வச்சு, டிஜிட்டல் மீட்டரை சிக்னல்ல மாட்டி வொர்க்‌ஷாப் மேனுவல்ல சொன்ன நம்பருக்கு கொண்டு வர்றது. இன்னொண்ணு ஃபீலர் கேஜ், ஐடில் சுவிட்ச் உள்ள காடிக்கு. த்ராட்டில் கைக்கும் ஸ்டாப்பர் ஸ்க்ரூவுக்கும் நடுவுல மேனுவல்ல சொன்ன தடிமன்ல தகடு வச்சு, சுவிட்ச் மாறுற எடத்துல சரியா நிறுத்தறது. ஐடில் சுவிட்ச் இருந்தா நான் ஃபீலர் கேஜ் பக்கம்தான், ஏன்னா கால எடுத்தாச்சுன்னு ஈசியுவுக்கு சொல்றது அந்த சுவிட்ச், அது தப்பா நின்னா ஐடிலும் பிடிக்காது, இறக்கத்துல பெட்ரோல் கட் ஆகறதும் நடக்காது, எண்ணெய் குடிக்குதுன்னு புலம்புவீங்க. எந்த வழியா இருந்தாலும் ஸ்க்ரூவை டைட் பண்றப்ப டப்பா ஒரு முடி அளவு சுத்திக்கும், 0.50ல வச்சது 0.56ல நிக்கும், அதனால டைட் பண்ணிட்டு த்ராட்டிலை ரெண்டு மூணு தடவை முழுசா திறந்து மூடி மறுபடி அளங்க. பெயின்ட் குத்தின அந்த ஸ்டாப்பர் ஸ்க்ரூவை மட்டும் ஐடில் ஏத்தறதுக்காக திருகாதீங்க, ஃபேக்டரில வச்ச எடம் அது. த்ராட்டில் தட்டு ஓரத்துல கரி படிஞ்சு மூடாம நின்னாலும் நம்பர் தப்பாத்தான் வரும், க்ளீன் பண்ணிட்டு அளக்க ஆரம்பிங்க, பாதி பேருக்கு வேலை அதோட முடிஞ்சிரும்.

முள்ளு துடிச்சுதுன்னா அட்ஜஸ்ட் பண்ணி ஒண்ணும் ஆகாது. திருப்பினா தேஞ்ச இடம் கொஞ்சம் தள்ளிப் போகும், ஒரு வாரம் நல்லா ஓடற மாதிரி இருக்கும், அவ்வளவுதான், மாத்தித்தான் ஆகணும். ஒரிஜினலா, லோக்கலா, ஹாஃப்கட்டா (பழைய காடியை பாதியா வெட்டி இறக்குமதி பண்ணி விக்கற சாமான்)ன்னா, கை தாங்கினா ஒரிஜினல். கிள்ளான் பக்கம் ஹாஃப்கட் கடைங்கள்ல ஜப்பான் சாமான் கிடைக்கும், ஆனா அதுவும் எங்கயோ ஜேம்ல தேஞ்சிருக்கலாம். முள்ளு மீட்டரை கையோட கொண்டு போயி, ஓம்ஸ்ல வச்சு எர்த் பின்னுக்கும் சிக்னல் பின்னுக்கும் மாட்டி, கவுண்டர்லயே மெதுவா திருப்பிப் பாத்துட்டு காசு குடுங்க. கடைக்காரரு வேணாம்னு சொன்னா வேற கடைக்கு போங்க, கிள்ளான்ல கடைக்கா பஞ்சம்.