அம்மாட காலுக்கு வாங்கின சார்ஜ் ஃபேன்

மத்திய வீதியில ஒரு எலக்ட்ரிக் கடையில இந்த 12 இஞ்ச் சார்ஜ் ஃபேனை வாங்கி நாலு மாசம். கரண்ட் போனா காத்து வேணுமெண்டு வாங்கேல்ல, அம்மாட ரெண்டு பாதத்துக்காகத்தான் வாங்கினது.

அம்மாவுக்கு எரித்ரோமெலால்ஜியா எண்டு, கால் சிவந்து எரியிற ஒரு வருத்தம். பின்னேரமாக பாதம் ரெண்டும் செக்கச்செவேலெண்டு சிவந்து வீங்கி, தொட்டா சுடும், தணல்ல வச்ச மாதிரி எரியுது எண்டு அழுவா. ரெண்டு வருசமா அலர்ஜி எண்டாங்க, சுகர் எண்டாங்க, ஏனெண்டா காலைல கிளினிக்குக்குப் போகேக்க கால் சாதாரணமாத்தான் இருக்கும். கடைசியா ராத்திரி எரியேக்க போன்ல எடுத்த படத்தைக் காட்டினாப் பிறகுதான் ஒரு தோல் டொக்டர் கண்டுபிடிச்சார். உடன பிளட் கவுண்ட் எடுக்கச் சொன்னார். ரத்தத்தை உறைய வைக்கிற பிளேட்லட் கூடின ஆக்களுக்கும் இது வருமாம், அவங்களுக்கு ஆஸ்பிரின் நல்லாக் கேக்குமாம். அம்மாவுக்கு பிளேட்லட் நோர்மல், அதால இரவில கபபென்டின் எண்ட நரம்பு வலிக்குக் குடுக்கிற குளிசை.

அவர் முதல்ல நிப்பாட்டச் சொன்னது ஐஸ் வாளியை. மணிக்கணக்கா காலை அதுக்குள்ளயே வச்சிருப்பா, விரல் இடுக்கெல்லாம் வெள்ளையா ஊறி, தோல் உரிஞ்சு, சின்ன விரல்ல புண்ணே வந்திட்டுது, காலை வெளிய எடுத்தா முந்தினதை விட எரியும். ஐஸ் வேணாம், காலை உயர்த்தி வச்சு ஃபேன் காத்துப் பிடிக்கட்டும் எண்டார்.

ஃபேன் எப்பிடியெண்டா, தலை நல்லாச் சரியும், அதுதான் எங்களுக்கு முக்கியம். ஸ்டூல்ல தலகாணி போட்டு காலை நீட்டி, ரெண்டாம் ஸ்பீட்ல விட்டா காத்து நேரா உள்ளங்கால்ல படும். சத்தமும் குறைவு, பக்கத்தில படுத்தாலும் நித்திரை வரும். கரண்ட் இல்லாம குறைஞ்ச ஸ்பீட்ல அஞ்சு மணித்தியாலம் ஓடுது. போன கிழமை ஒரு நாள் அம்மா விடியுமட்டும் எழும்பவே இல்ல, எனக்கு அதைப் பாத்து அழுகை வந்திட்டுது.

குறையும் இருக்கு. ரெண்டாம் மாசமே சார்ஜர் பின் லூசாகி சார்ஜ் ஏறேல்ல, கடைக்கார அண்ணா மறுபேச்சில்லாம மாத்தித் தந்தார். கச்சான் எண்ட வறண்ட சூட்டுக் காத்து அடிக்கிற மத்தியானத்தில ஃபேனும் சூடாத்தான் ஊதும், அந்த நேரம் ஜன்னலைச் சாத்திப்போட்டு உள் அறையிலதான் இருக்கிறா. இது நோயை மாத்துற சாமானில்ல, குளிசையும் கிளினிக்கும் விடாம வேணும்.

இதுக்காக வாங்கிறவங்க கடையிலயே நிலத்தில வச்சு, தலை எவ்வளவு சரியுது எண்டு பாத்திட்டு வாங்குங்கோ, சார்ஜரையும் செருகிப் பாருங்கோ.