கும்பகோணத்தில் என் பிரசவக் கோப்பைக் கேட்டு வாங்கியது

இரண்டாவது முறையாகக் கருவுற்றதும் இலண்டனில் மருத்துவச்சி என்னிடம் கேட்ட முக்கியமான கேள்வி, முந்தைய சிசேரியனில் கருப்பையை எந்த இடத்தில், எந்த வாக்கில் கீறினார்கள் என்பதாகும். வயிற்றின் மேல் தெரியும் தழும்பை வைத்து அதைச் சொல்லிவிட முடியாது. கருப்பையின் கீழ்ப்பகுதியில் குறுக்காகக் கீறியிருந்தால் அடுத்த முறை சுகப்பிரசவத்துக்கு முயன்று பார்க்கலாம். பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர் கல்லூரி தரும் கணக்குப்படி, அப்படி முயல்பவர்களுள் 100க்கு 72 முதல் 75 பேருக்கு அது கைகூடுகிறது; பழைய தையல் இருந்த இடம் பிரிவது 200 பேரில் ஒருவருக்கு. மேற்பகுதியில் நெடுக்காகக் கீறியிருந்தால் ஆபத்து கூடுதல் என்பதால் மீண்டும் அறுவையைத்தான் பரிந்துரைப்பார்கள். என்னிடம் இருந்த டிஸ்சார்ஜ் சம்மரியில் சிசேரியன் நடந்த தேதி, குழந்தையின் எடை, மாத்திரைப் பட்டியல் ஆகியவற்றைத் தவிர வேறொன்றும் இல்லை.

தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்து, கும்பகோணத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில்தான் மகளைப் பெற்றேன். இந்திய மருத்துவக் கழகத்தின் 2002ஆம் ஆண்டு நெறிமுறை விதிகள், உள்நோயாளியின் ஆவணங்களைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்றும், நோயாளியோ அவரால் அதிகாரம் பெற்ற உறவினரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்றும் சொல்கின்றன. மகளுக்கு மூன்று வயது நிறைய இன்னும் சில மாதங்களே இருந்ததால், இந்த முறை ஊருக்கு வந்ததும் குலதெய்வக் கோயிலைக்கூடத் தள்ளிவைத்துவிட்டு முதலில் அங்கே போனேன். அம்மாவுக்கு அதில் வருத்தம்தான்.

வரவேற்பில் இருந்த பெண், "சம்மரிதான் குடுத்துட்டோமே மேடம், அதுக்கு மேல என்ன வேணும்?" என்றார். கேஸ் ஷீட்டின் முழு நகல் வேண்டும் என்றதும் மேலாளரை அழைத்தார்; அவர், "எதுவும் கேஸ் போடப் போறீங்களாம்மா?" என்று நேராகவே கேட்டார். இந்தச் சந்தேகம்தான் எல்லாவற்றையும் தாமதப்படுத்துகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. கோப்பைக் கேட்பவர் வழக்குக்காகவே கேட்பார் என்ற எண்ணம் அங்கே ஊறிப்போயிருக்கிறது. அடுத்த பிரசவத்துக்காகக் கேட்பதை விளக்கி, உள்நோயாளி எண், பிரசவ தேதி, அடையாள அட்டை நகல் ஆகியவற்றுடன் விதியையும் குறிப்பிட்டு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து, அதன் நகலில் முத்திரையும் கையெழுத்தும் வாங்கிக்கொண்டேன். முத்திரை விழுந்த பிறகு பேச்சின் தொனியே மாறிவிட்டது. 72 மணி நேரம் கடந்துதான் கோப்பு கிடைத்தது என்றாலும், மாடி அறையில் கட்டுக்கட்டாக அடுக்கியிருந்த தாள்களிலிருந்து அதைத் தேடி எடுத்துத் தந்த முதியவர் நகல் எடுத்த செலவுக்கு மேல் ஒரு ரூபாயும் வாங்கவில்லை.

கோப்பில் நான் தேடிய அறுவைக் குறிப்பு இருந்தது: கீழ்ப்பகுதி, குறுக்குக் கீறல், இரண்டு அடுக்குத் தையல். ஆனால் வலியின் போக்கை மணிக்கணக்கில் வரைந்து காட்ட வேண்டிய பார்டோகிராம் தாள் பாதிக்கு மேல் வெறுமையாகவே இருந்தது.

பிரசவம் பார்த்த டாக்டரம்மாவைப் புறநோயாளிகள் நேரம் முடிந்த பிறகு தனியாகச் சந்திக்கக் கேட்டிருந்தேன். பிரிட்டனில் பல அரசு மருத்துவமனைகளில் பிரசவத்துக்குப் பின் ஒரு மருத்துவச்சி குறிப்புகளை வைத்துக்கொண்டு நடந்ததை நம்முடன் பேசித் தெளிவுபடுத்தும் சேவை உண்டு. இங்கே நான் போன இடத்தில் அப்படி ஏற்பாடு எதுவும் இல்லை என்பதால் வழக்கமான ஆலோசனைக் கட்டணம் கட்டி டோக்கன் வாங்கினேன். இத்தனை நாளும் வீட்டில் நிலவிய கதை, கொடி சுற்றிக்கொண்டது என்பது; வலி வந்த பிறகும் நான் நடக்காமல் உட்கார்ந்தே இருந்ததுதான் காரணம் என்பது மாமியாரின் கட்சி. டாக்டரம்மா தாள்களைப் புரட்டி, கருப்பைவாய் 7 செ.மீ. விரிந்ததோடு நின்றுபோனதையும், நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை இருக்க வேண்டிய குழந்தையின் இதயத் துடிப்பு 80க்குக் கீழே இறங்கியதையும் காட்டினார். "புள்ள மொகம் மேல பாத்தாப்ல இருந்துச்சும்மா, அதான் தலை எறங்கல. நீ உக்காந்திருந்ததால ஆனது இல்ல" என்றார். கொடி ஒரு சுற்று இருந்தது உண்மைதான். ஏறக்குறைய நான்கில் ஒரு பிரசவத்தில் அப்படி இருக்கும் என்றும், அதற்காக மட்டும் அறுவைக்குப் போவதில்லை என்றும் சொன்னார். பார்டோகிராம் ஏன் நிரப்பப்படவில்லை என்று கேட்டேன். அன்றிரவு ஒரே செவிலியர் மூன்று பேரைப் பார்த்துக்கொண்டிருந்ததாக மறைக்காமல் ஒப்புக்கொண்டார். அந்தப் பதில் எனக்கு நிறைவளிக்கவில்லை, ஆனால் பதில் என்று ஒன்று கிடைத்தது. அறுவைக்கு ஒப்புதல் வாங்கியபோது என்னிடம் பேசாமல் என் கணவரிடம் மட்டும் பேசியதையும் சொன்னேன். அதை அவர் குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டார்.

தஞ்சாவூர் இராசா மிராசுதார் மருத்துவமனை போன்ற அரசு மருத்துவமனையில் பெற்றவர்களுக்கு, நேரில் கேட்பதோடு, 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மனுச் செய்யும் வழியும் உண்டு. 30 நாளில் பதில் தர வேண்டும். அந்தச் சட்டம் இந்தியக் குடிமக்களுக்கு மட்டுமே என்பதால் அயல்நாட்டுக் குடியுரிமை எடுத்தவர்கள் மருத்துவ விதியின் வழியாகவே கேட்க வேண்டியிருக்கும். கருவுற்றதைப் பதிவு செய்யும்போது தமிழக அரசு தரும் பிக்மி எண்ணைக் குறித்து வைத்திருந்தால் அதையும் கடிதத்தில் சேர்க்கலாம். நேரில் வர முடியாதவர்கள் தாயாருக்கோ உடன்பிறந்தவருக்கோ அதிகாரக் கடிதம் எழுதிக் கொடுத்து, பெயர் சொல்லி அறுவைக் குறிப்பையும் மயக்க மருந்துக் குறிப்பையும் கேட்கச் சொல்லுங்கள். வெறுமனே ‘ரெக்கார்டு’ என்று கேட்டால் அதே டிஸ்சார்ஜ் சம்மரியைத்தான் மறுபடியும் அச்சடித்துத் தருவார்கள்.