பழைய பிளாப்பியை இமேஜ் எடுக்கக் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

பழைய கம்ப்யூட்டர்களின் பிளாப்பிகளை இமேஜ் (டிஸ்கில் இருப்பதை அப்படியே நகலெடுத்த கோப்பு) எடுத்துத் தருகிறேன், அந்த இமேஜைப் புது டிஸ்கில் எழுதியும் தருகிறேன் என்று விளம்பரம் செய்யும் ஒருவரிடம் நான் ஏமாந்தேன். பணம் போனதோடு முடிந்திருந்தால் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். வேறு எங்கும் பிரதி இல்லாத டிஸ்குகளை அவர் கெடுத்தார். கெடுத்தது தெரியாமல் இருக்கப் பொய்யான கோப்புகளையும் தயாரித்துக் கொடுத்தார். அந்தப் பொய்க் கோப்புகளை எப்படிக் கண்டுபிடிப்பது என்று எல்லோருக்கும் தெரிய வேண்டும் என்பதுதான் இந்தப் பதிவின் நோக்கம்.

கம்ப்யூட்டர், பிபிசி மைக்ரோ மாடல் பி. 1984ல் இந்திய அரசு தொடங்கிய கிளாஸ் என்ற பள்ளிக் கம்ப்யூட்டர் கல்வித் திட்டத்தில் நம் நாட்டுப் பள்ளிகளுக்கு வந்தது இந்த இயந்திரம்தான். 32 கிலோபைட் நினைவகம், 6502 சிப். செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் நிறுவனம் இதையே யூனிகார்ன் என்ற பெயரில் இந்தியாவிலும் தயாரித்தது. என்னிடம் இருப்பது ஒரு பள்ளி கழித்துக்கட்டியபோது வந்தது, கூடவே 40 டிராக் டிரைவ் ஒன்று. டிராக் என்பது டிஸ்கில் தகவல் பதியும் வட்டப் பாதை, அதன் ஒவ்வொரு துண்டும் ஒரு செக்டர். டிஸ்குகள் அந்தப் பள்ளியில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்த டீச்சருடையவை. ஓய்வு பெற்றபோது வீட்டுக்கு எடுத்துவந்து பத்திரமாக வைத்திருந்தார்.

அவற்றில் என்ன இருந்தது என்பதைச் சொன்னால்தான் என் கோபம் புரியும். பிபிசி மைக்ரோவின் புரோகிராம் மொழியான பிபிசி பேசிக்கில் விடியூ 23 என்று ஒரு கட்டளை உண்டு. எட்டுக்கு எட்டு புள்ளிக் கட்டத்தில் நமக்கு வேண்டிய எழுத்தை நாமே வரைந்து, அதை எட்டு எண்களாகக் கொடுத்துவிடலாம். டீச்சர் அதை வைத்துத் தமிழ் எழுத்துகளை ஒவ்வொன்றாக உருவாக்கியிருக்கிறார். எட்டுப் புள்ளி அகலத்தில் ணகரமும் னகரமும் வித்தியாசம் தெரிய வேண்டும் என்றால் எவ்வளவு மெனக்கெட வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். அந்த எழுத்துகளை வைத்துப் பிள்ளைகளுக்குச் சொல் விளையாட்டும் எழுதியிருக்கிறார். "அந்த வருஷத்துப் பிள்ளைங்க பேரெல்லாம் அதுக்குள்ள இருக்கு தம்பி" என்று சொல்லித்தான் பெட்டியை என் கையில் கொடுத்தார்.

வீட்டிலேயே ஒரு யுஎஸ்பி டிரைவை வாங்கிச் செய்துகொள்ளும் வேலை இல்லை இது. பிபிசியின் பழைய டிஸ்க் முறை எஃப்எம் என்ற ஒற்றை அடர்த்திப் பதிவு. யுஎஸ்பி பிளாப்பி டிரைவுகளுக்கு அது தெரியாது. பழைய பிசிக்களின் கண்ட்ரோலர்களிலும் பலவற்றுக்கு வராது. டிரைவிலிருந்து வரும் துடிப்புகளை அப்படியே கம்ப்யூட்டருக்குக் கொண்டுவரும் கிரீஸ்வீசில் போன்ற ஒரு போர்டு வேண்டும், நல்ல நிலையில் ஒரு ஐந்தேகால் அங்குல டிரைவும் வேண்டும். இரண்டும் தன்னிடம் இருப்பதாக அந்த ஆள் சொன்னார். வேறு மாநிலம். போனில் நன்றாகவே பேசினார், விஷயம் தெரிந்தவர் போலத்தான் இருந்தது.

பேசி வைத்தது இதுதான். ஒவ்வொரு டிஸ்குக்கும் எஸ்எஸ்டி என்ற பிபிசி டிஸ்க் வடிவத்தில் இமேஜ் ஒன்று, டிஸ்கின் காந்தத் துடிப்புகளை அப்படியே பதிந்த எஸ்சிபி ஃபிளக்ஸ் கோப்பு ஒன்று. டிஸ்குக்கு 600 ரூபாய். அதோடு, அந்த இமேஜ்களை என் டிரைவில் ஓடும்படி புத்தம் புது டிஸ்குகளில் எழுதித் தர, தலா 350 ரூபாய். மூல டிஸ்குகளில் சிலவற்றில் பூஞ்சை பிடித்திருந்தது. டிரைவில் டிஸ்கை வாசிக்கும் ஹெட் தொடும் நீள்வட்டத் திறப்பில் வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தன. துடைத்து எடுக்காமல் டிரைவில் போடவே கூடாது என்று எழுதி, அந்தத் திறப்பைப் படம் எடுத்து அனுப்பி, டிஸ்க் மேல் எதுவும் எழுத முடியாதபடி அதன் வலது ஓரத்தில் இருக்கும் காடியை ஒட்டி மூடித்தான் கூரியரில் போட்டேன்.

வந்தது அழகான பிடிஎஃப் சான்றிதழ். எல்லா டிஸ்கும் 100 சதவீதம் வாசிக்கப்பட்டன, பிழை இல்லை என்று முத்திரை வேறு. கோப்புகளின் அளவும் சரியாக இருந்தது. ஒரு பக்க 40 டிராக் டிஸ்க் என்றால் டிராக்குக்கு 10 செக்டர், செக்டருக்கு 256 பைட், மொத்தம் 1,02,400 பைட். அச்சு அசலாக அதேதான்.

பிபிசி மைக்ரோவைப் போலவே இயங்கும் எமுலேட்டர் மென்பொருளில் போட்டேன். டிஸ்கில் உள்ள கோப்புகளின் பட்டியல் வந்தது. டீச்சர் வைத்த பெயர்கள் வரிசையாகத் தெரிந்தன. சொல் விளையாட்டை ஏற்றியதும் "பேட் புரோகிராம்" என்று நின்றுவிட்டது. இன்னொரு டிஸ்கிலும் அதே கதை. பட்டியல் முதல் டிராக்கின் முதல் இரண்டு செக்டரில் இருப்பது, அது நல்லபடியாக வந்தால் மற்றதும் வந்ததாக அர்த்தம் இல்லை. கோப்பை பைட் பைட்டாகக் காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் இமேஜைத் திறந்தேன். பேசிக் வரிகள் ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கும், திடீரென்று ஒரு வரியின் நடுவிலிருந்து வெறும் பூஜ்யம். அந்தப் பூஜ்யம் தொடங்கும் இடம் சரியாக 256ன் மடங்கு. சில இடங்களில் 2,560 பைட், அதாவது ஒரு முழு டிராக், வெற்றாகக் கிடந்தது. ஒரு புரோகிராமின் நடுவே செக்டர் கணக்குக்குத் துண்டு விழுந்ததுபோல் பூஜ்யம் வருவது இயல்பாக நடக்காது. வாசிக்க முடியாத இடத்தை யாரோ பூஜ்யம் போட்டு நிரப்பியிருக்கிறார்கள்.

யாரோ என்று ஏன் சொல்கிறேன் என்றால், கிரீஸ்வீசிலின் மென்பொருள் தானாகப் பூஜ்யம் போடாது. வாசிக்க முடியாத செக்டரில் "பேட் செக்டர்" என்ற ஆங்கிலச் சொற்களை, இரண்டு பக்கமும் கோடும் சமக்குறியும் சதுர அடைப்பும் வைத்து, திரும்பத் திரும்ப நிரப்பும். 16 எழுத்துத் தொடர் அது, 256 பைட் செக்டரில் 16 முறை வரும். இமேஜைப் பார்க்கிறவருக்கு இந்த இடம் போய்விட்டது என்று தெரியட்டும் என்பதற்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள். எனக்கு வந்த கோப்புகளில் ஒன்றே ஒன்றில், முடிவுக்கு அருகே, அந்தத் தொடர் அப்படியே இருந்தது. மற்ற எல்லாவற்றிலும் தேடி அழித்துப் பூஜ்யம் வைத்தவர் அதை மட்டும் விட்டுவிட்டார். ஆக, எந்த செக்டர்கள் போயின என்று அவருக்குத் தெரியும். தெரிந்தேதான் 100 சதவீதம் என்று முத்திரை குத்தியிருக்கிறார்.

சரி, ஃபிளக்ஸ் கோப்பு இருக்கிறதே, அதிலிருந்து மீட்டுவிடலாம் என்று நினைத்தேன். ஃபிளக்ஸ் கேட்டு வாங்குவதே அதற்குத்தான். டிஸ்கை மறுபடி தொடாமல், பதிந்த துடிப்புகளை வைத்தே பல வழிகளில் முயன்று பார்க்கலாம். எஸ்சிபி கோப்பிலிருந்து இமேஜ் உருவாக்கினேன். 400 செக்டரும் பிழையில்லாமல் வந்தன, பூஜ்யங்கள் உட்பட! பூஜ்யம் நிறைந்த செக்டருக்குக்கூட, பிழையைக் கண்டுபிடிக்க அதோடு சேர்த்துப் பதியும் சரிபார்ப்பு எண் கச்சிதமாகப் பொருந்தியது. அப்படியானால் டீச்சரே வெற்றாக விட்ட இடமா என்று ஒரு கணம் குழம்பிப்போனேன்.

எச்எக்ஸ்சி என்ற பிளாப்பி இமேஜ் மென்பொருளில் அந்தக் கோப்பின் டிராக்கை வரைபடமாகப் போட்டுப் பார்த்ததும் குழப்பம் தீர்ந்தது. எஃப்எம் பதிவில் துடிப்புகளுக்கு இடையே 4 மைக்ரோ நொடி அல்லது 8 மைக்ரோ நொடி இடைவெளி இருக்கும். அதனால் வரைபடத்தில் புள்ளிகள் இரண்டு பட்டைகளாக விழும். நிஜமான பழைய டிஸ்க் என்றால் அந்தப் பட்டைகள் தடிமனாக, ஓரம் சிதறி இருக்கும். மோட்டார் வேகம் கொஞ்சம் ஏறி இறங்குவதால் மெல்ல அலையும். ஒவ்வொரு சுற்றும் முந்தின சுற்றிலிருந்து துளியாவது மாறும். எனக்கு வந்ததில் இரண்டு கோடுகள், அளவுகோல் வைத்து இழுத்ததைப் போல. சிதறல் இல்லை, அலைவு இல்லை. எல்லாச் சுற்றும் ஒன்றே. ஓட்டை இமேஜைப் பூஜ்யத்தால் நிரப்பிவிட்டு, அந்த இமேஜையே எஸ்சிபியாக மாற்றி, மூல டிஸ்கிலிருந்து பதிந்தது என்று கொடுத்திருக்கிறார். அந்த மாற்றத்தைச் செய்ய ஒரு கட்டளை வரி போதும்.

மூல டிஸ்குகள் திரும்பி வந்தபோது மீதியும் புரிந்தது. பூஞ்சை இருந்த ஒரு டிஸ்கின் மையத்தில் விரலை வைத்து மெதுவாகச் சுற்றினேன். பழுப்புப் பரப்பில், ஒரே வட்டத்தில், மினுமினுப்பான ஒரு கீறல் சுற்றிக்கொண்டே வந்தது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் அந்த வட்டத்தின் வழியே ஒளி கசிந்தது. ஆக்சைடு பூச்சு உரிந்துவிட்டது. நான் அனுப்பிய படத்தில் அந்த இடத்தில் வெள்ளைப் புள்ளி இருக்கிறது, கீறல் இல்லை. துடைக்காமல் ஓட்டி, வாசிக்கவில்லை என்றதும் அதே டிராக்கைத் திரும்பத் திரும்ப ஓட்டியிருக்கிறார். பூஞ்சைத் துணுக்கு ஹெட்டில் ஒட்டிக்கொண்டு பரப்பைச் சுரண்டியிருக்கிறது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் தோய்த்த மெல்லிய துணியால் முதலில் துடைத்திருந்தால் அந்த டிராக்கில் பெரும்பகுதி வந்திருக்கும். இனி அது எந்த டிரைவிலும் வராது.

எழுதித் தந்த புது டிஸ்குகள் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில்தான் அவர் அதிகம் வாதாடினார். என் டிரைவில் போட்டால் "டிஸ்க் ஃபால்ட் 18" என்று வந்தது, செக்டரே அகப்படவில்லை என்று பொருள். அவர் தன் டிரைவில் ஓடும் வீடியோவை அனுப்பி, "பாருங்க சார், ஓடுது. உங்க டிரைவ்தான் போச்சு" என்றார். அவர் டிரைவ் 80 டிராக். அதன் ஹெட், 40 டிராக் ஹெட்டில் ஏறத்தாழ பாதி அகலம்தான். ஏற்கெனவே 40 டிராக் டிரைவில் பதிந்த பழைய டிஸ்க் மேல் அதை வைத்து எழுதினால், கரும்பலகையில் பட்டையாக எழுதியதை அழிக்காமல் அதன் மேல் மெல்லிய கோட்டில் எழுதியது போல் ஆகிவிடும். குறுகிய ஹெட் புதுக் கோட்டை மட்டும் படிக்கும். என் டிரைவின் அகலமான ஹெட் புதியதையும், ஓரத்தில் மிச்சம் இருக்கும் பழையதையும் சேர்த்துப் படித்துத் தடுமாறும். புத்தம் புது டிஸ்காக இருந்தால் இந்தச் சிக்கலே வராது. ஆக, அவை புதியவை இல்லை. லேபிளைச் சாய்த்துப் பார்த்தால், அடியில் உறையின் மேல் யாரோ பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதிய தடம் தெரிந்தது. ஒரு நண்பர் அதே டிஸ்கைக் காந்த அழிப்பானில் முழுக்க அழித்துவிட்டு, தன் 80 டிராக் டிரைவிலேயே மறுபடி எழுதிக் கொடுத்தார். என் டிரைவில் உடனே ஓடியது.

இவ்வளவையும் படத்தோடு அனுப்பினேன். முதலில் டிரைவைக் குறை சொன்னார், அப்புறம் டிஸ்க் வயதைக் குறை சொன்னார், அப்புறம் பதிலே இல்லை. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். யுபிஐ ரசீது, சான்றிதழ், கூரியருக்கு முன் எடுத்த படங்கள் எல்லாம் கையில் இருப்பதால் புகாரை எழுதுவது சுலபமாக இருந்தது. அவர் விளம்பரம் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

இதே வேலையை நேர்மையாகச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டால் தயங்காமல் தருவது, கருவி திரையில் காட்டிய பதிவை அப்படியே எழுத்தாக. ஒவ்வொரு டிராக்குக்கும் பத்தில் எத்தனை செக்டர், மொத்தம் 400ல் எத்தனை என்று அதில் வந்துவிடும். 391 என்று ஒருவர் சொன்னால் அவரை நம்பலாம். பழைய டிஸ்கு எல்லாவற்றிலும் 400 என்று சொல்பவரிடம் அந்தப் பதிவைக் கட்டாயம் கேளுங்கள். முதலில் முக்கியம் இல்லாத ஒரு டிஸ்கை மட்டும் அனுப்புங்கள். அதன் ஃபிளக்ஸை வரைபடமாகப் போட்டு, பட்டை சிதறி இருக்கிறதா என்று பார்த்த பிறகு மற்றதைக் கொடுங்கள். எழுதி வாங்குவதாக இருந்தால், எந்த டிரைவில் எழுதுகிறார், டிஸ்கை முன்பே அழித்தாரா என்று கேளுங்கள். ஏற்கெனவே யாரிடமாவது இமேஜ் வாங்கி வைத்திருந்தால், இன்றைக்கே ஹெக்ஸ் எடிட்டரில் திறந்து "பேட் செக்டர்" என்று ஆங்கிலப் பெரிய எழுத்தில் தேடிவிடுங்கள். 256ன் மடங்கில் தொடங்கும் பூஜ்யக் கட்டங்களையும் பாருங்கள். மூல டிஸ்க் இன்னும் கையில் இருக்கும்போது தெரிந்தால் ஏதாவது செய்ய முடியும்.

டீச்சரின் டிஸ்குகளில் பூஞ்சை இல்லாதவற்றை அந்த நண்பர் நிதானமாகத் துடைத்து மறுபடி வாசித்துத் தந்திருக்கிறார். எழுத்துகளை உருவாக்கும் புரோகிராம் முழுதாக வந்துவிட்டது. சொல் விளையாட்டில் பாதிக்கு மேல் தொலைந்துவிட்டது, பிள்ளைகளின் பெயர்ப் பட்டியல் இருந்த இடம் அந்தக் கீறலில் போய்விட்டது. அந்தக் காலத்தில் ஆசிரியர்கள் பயிற்சிக்குப் போகும்போது ஒருவருக்கொருவர் டிஸ்க் நகல் எடுத்துக்கொண்டார்கள் என்று டீச்சர் சொல்கிறார். அதனால் வேறு ஏதாவது ஒரு பள்ளியின் அலமாரியில் அந்த விளையாட்டின் நகல் கிடக்க வாய்ப்பு இருக்கிறது. உங்கள் பள்ளியில் பிபிசி மைக்ரோவோ யூனிகார்னோ இருந்து, அதன் பிளாப்பிப் பெட்டி இன்னும் எங்காவது இருந்தால், எந்த டிரைவிலும் போடாமல், டிஸ்கின் வலது ஓரக் காடியை ஒட்டி மூடிவிட்டு, எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். நானே வந்து பார்க்கிறேன்.