புதுக் கணினியில் இணையம் ஏன் திணறுகிறது: கீழக்கரையில் ஒரு பழுதுநீக்கும் சேவை

புதிதாக வாங்கிய கணினியில் இணையப் பக்கங்கள் மெல்லத் திறக்கின்றன, காணொளி நின்று நின்று ஓடுகிறது என்று புகார் சொன்னால், கீழக்கரையில் கிடைக்கும் பதில் இரண்டுதான். கணினியை விற்றவர் உங்கள் ஊர் நெட் சரியில்லை என்பார். இணைப்புத் தருபவர் மோடத்தை ஒருமுறை அணைத்துப் போடுங்கள் என்பார். இவ்விருவருக்கும் நடுவில் அகப்பட்டுக் கொண்டவர்களுக்கு உதவக்கூடிய ஒரு சேவையைப் பற்றி எழுதுகிறேன். கடைத்தெருவில் ஒற்றை ஆளாகத் தொழில் நடத்தும் இளைஞர் ஒருவர் வீட்டுக்கே வந்து பார்க்கிறார். இருக்கும் வேலைக்கே நேரம் போதவில்லை, பெயரைப் போட்டு விட வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டதால் கடையின் பெயரைச் சொல்லவில்லை. ஊரில் விசாரித்தால் யாரும் வழி காட்டுவார்கள்.

எங்கள் மடிக்கணினி மட்டமானதன்று. 8 ஜிபி நினைவகமும் 512 ஜிபி எஸ்எஸ்டியும் உள்ளது. இயங்குதளம் இல்லாத மாடலாக வெளியூர்க் கடையொன்றில் வாங்கியபோது, விண்டோஸ் 11-ஐக் கடைக்காரரே ஏற்றித் தந்தார். வீட்டு இணைப்பு 100 எம்பிபிஎஸ் ஃபைபர். இவ்வளவு இருந்தும் ஒரு செய்தித்தளம் திறப்பதற்குள் பொறுமை போய்விடும். சென்னையில் இருக்கும் மகளுடன் வீடியோ காலில் பேசினால் பாதிப் பேச்சில் முகம் உறைந்து நிற்கும். யூடியூபில் படம் வெட்டி வெட்டி நகரும். ஆனால் அதே அறையில், அதே வைஃபையில், கைப்பேசியில் அதே காணொளி தங்குதடையின்றி ஓடியது.

வந்தவர் முதலில் கணினியைத் தொடவே இல்லை. “காக்கா (அண்ணா), கம்ப்யூட்டரை அப்புறம் பாப்போம். முதல்ல லைன் எவ்வளவு வருதுன்னு பாத்துடுவோம்” என்று சொல்லித் தம் பையிலிருந்த கேபிளை மோடத்தில் செருகி, தம்முடைய மடிக்கணினியில் வேகத்தைச் சோதித்தார். தொண்ணூறுக்கு மேல் காட்டியது. அதே கேபிளை யுஎஸ்பி அடாப்டர் வழியாக எங்கள் கணினியில் இணைத்தார். அங்கும் ஏறக்குறைய அதே அளவு. பிறகு பின்னறைக்குப் போய் வைஃபையில் சோதித்தபோது பன்னிரண்டைத் தாண்டவில்லை. இணைப்புத் தருபவர் மேல் குற்றமில்லை, கணினியின் வேகத்திலும் பெரிய குற்றமில்லை, சிக்கல் இரண்டுக்கும் இடையில்தான் என்பது எந்தப் பொருளையும் விற்காமல், எந்த அமைப்பையும் மாற்றாமல் சில நிமிடங்களில் தெளிவாகிவிட்டது. இவருடைய சேவையில் நான் மிகவும் மதிப்பது இந்த வரிசையைத்தான். இப்பகுதியில் வேறு பலர் வந்தவுடன் விண்டோஸை அழித்து மறுபடியும் ஏற்றுவதிலிருந்தே தொடங்குகிறார்கள்.

வைஃபை விஷயத்தில் எங்கள் ஊருக்கென்று ஒரு தொல்லை உண்டு. வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியவை. பழைய கட்டடங்களில் சுண்ணாம்புச் சுவர் ஒன்றரை அடி கனம் இருக்கும். 5 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசை வேகமானது, ஆனால் இப்படிப்பட்ட சுவர்களை ஊடுருவிப் போகாது. 2.4 ஜிகாஹெர்ட்ஸ் ஊடுருவும். ஆனால் அதில் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத சேனல்கள் (அலைவரிசையின் உட்பிரிவுகள்) 1, 6, 11 என்ற மூன்றே. அவர் தம் கைப்பேசியில் ஒரு செயலியைத் திறந்து காட்டியபோது, அக்கம்பக்கத்து வீடுகளின் பெயர்கள் எல்லாம் 6-ஆம் சேனலில் சந்தைக் கூட்டம்போல் மொய்த்துக் கிடந்தன. எங்கள் மோடமும் அதிலேயே இருந்தது. போதாக்குறைக்குக் கணினியின் புளூடூத் மவுஸும் அதே 2.4-இல்தான் இயங்குகிறது.

சேனலை மாற்றியதில் ஓரளவு முன்னேற்றம் தெரிந்தது. வைஃபையை வாங்கித் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டர் ஒன்றைச் சந்தையில் வாங்கி மாட்டலாமா என்று கேட்டேன். மலிவான ரிப்பீட்டர் ஒரே அலைவரிசையில் வாங்கி அதிலேயே திருப்பி அனுப்புவதால் வேகம் பாதியாகக் குறையும் என்று மறுத்துவிட்டார். விற்றிருந்தால் அவருக்கு லாபம்தான். அதற்குப் பதில், முன்பு சிசிடிவிக்காக முற்றத்தின் வழியே பின்னறைக்கு இழுத்துப் பயனின்றிக் கிடந்த லேன் கேபிளையும், பரணில் கிடந்த பழைய ரூட்டரையும் கேட்டார்.

அந்தக் கேபிளின் முனையை எல்லோரும் பார்க்க வேண்டும். ஒளிபுகும் பிளாஸ்டிக் முனைக்குள் எட்டுத் தகடுகள் வரிசையாக இருக்கும். அவற்றின் பொன்முலாம் தேய்ந்து, ஓரங்களில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. வெயில், மழையைவிடக் கடலிலிருந்து வரும் உப்புக்காற்றே இதைச் செய்கிறது. திறந்த முற்றம் உள்ள வீடுகளில் டிவி முனை, சார்ஜர் முனை எதுவும் இதற்குத் தப்புவதில்லை. 100 எம்பிபிஎஸ் வேகத்துக்கு எட்டுக் கம்பிகளில் நான்கு நன்றாக இருந்தால் போதும். 1000 வேண்டுமென்றால் எட்டும் வேண்டும். களிம்பேறிய முனையில் இணைப்பு கிடைப்பதுபோல் தோன்றினாலும் தரவு பிழைபட்டு மீண்டும் மீண்டும் அனுப்பப்படும் என்று விளக்கினார். இரு முனைகளையும் வெட்டியெறிந்து, உறையைச் சீவி, ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம், நீல வெள்ளை, பச்சை, பழுப்பு வெள்ளை, பழுப்பு என்று கம்பிகளை விரல் நுனியால் நீவி வரிசைப்படுத்திப் புதிய முனைகளை இடுக்கியால் அழுத்தினார். பழைய ரூட்டரில், கருவிகளுக்கு இணைய முகவரி வழங்கும் டிஹெச்சிபி வசதியை அணைத்து, பின்னறையில் வெறும் வைஃபை நிலையமாக மாற்றினார். அங்கே இப்போது சுவர் குறுக்கிடாத 5 ஜிகாஹெர்ட்ஸ் கிடைக்கிறது. பக்கங்கள் சட்டென்று திறக்கின்றன.

இத்துடன் வேலை முடிந்தது என்று பணத்தை வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் யூடியூப் இன்னும் வெட்டியது. முழு ஹெச்டி படத்துக்கு 5 எம்பிபிஎஸ் போதும் என்றுதான் நெட்ஃபிளிக்ஸ் நிறுவனமே சொல்கிறது. ஆகவே முன்பு வந்த பன்னிரண்டிலேயே காணொளி ஓடியிருக்க வேண்டும், அது ஓடவில்லை என்றால் காரணம் வேறு என்றார். ஓடும் காணொளியின் மேல் வலப்பக்கப் பொத்தானை அழுத்தி, ‘ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்’ என்ற சிறு பெட்டியைத் திறந்தார். அதில் ‘பஃபர் ஹெல்த்’ என்ற வரி, முன்கூட்டியே வந்து காத்திருக்கும் காணொளி அரை நிமிடத்துக்கு மேல் இருப்பதாகக் காட்டியது. அதாவது இணையம் தன் வேலையைச் செய்துவிட்டது. ஆனால் தவறவிட்ட ஃபிரேம்களின் (காணொளியின் தனித்தனிப் படங்களின்) எண்ணிக்கை நொடிக்கு நொடி ஏறிக்கொண்டே போனது. வந்து சேர்ந்த படத்தைக் கணினியால் விரித்துக் காட்ட முடியவில்லை என்பதே அதன் பொருள்.

கணினியின் உறுப்புகளைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரைத் திறந்ததும் புதிர் அவிழ்ந்தது. திரைக்கான இடத்தில் ‘மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்பிளே அடாப்டர்’ என்றிருந்தது. விண்டோஸை ஏற்றித் தந்த கடை, படம் காட்டும் சில்லை இயக்கும் மென்பொருளான கிராஃபிக்ஸ் டிரைவரைப் போடவில்லை. அப்டேட்டையும் நிறுத்தி வைத்திருந்ததால் அது தானாக வந்து சேரவும் வழியில்லை. யூடியூப் அனுப்பும் விபி9, ஏவி1 என்ற முறைகளில் சுருக்கிய படங்களைக் கிராஃபிக்ஸ் சில்லு விரிக்க வேண்டிய இடத்தில் பிராசஸரே தனியாக மல்லுக்கட்டிக் கொண்டிருந்தது. கைப்பேசியில் அந்தச் சில்லு தன் வேலையைச் செய்ததால்தான் அங்கே தடையில்லை. டிரைவரைக் கணினி நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்தே இறக்கினார்; டிரைவர்களைத் தேடித் தருவதாகச் சொல்லும் இலவச மென்பொருள்களைப் பக்கத்தில் சேர்க்கவில்லை. மறுதொடக்கத்துக்குப் பின் அந்த எண்ணிக்கை ஏறவே இல்லை.

மற்றவை சில்லறை வேலைகள். கடைக்காரர் இலவசம் என்று போட்டுத் தந்த ஆன்டிவைரஸை நீக்கி விண்டோஸின் டிஃபெண்டரையே இயங்க விட்டார். மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பான ஒன்டிரைவ் படக் கோப்புகளை ஓயாமல் மேலேற்றிக் கொண்டிருந்ததை நிறுத்தினார். தளங்களின் முகவரியைத் தேடித் தரும் டிஎன்எஸ்ஸைக் கூகுளின் 8.8.8.8 ஆக்கினால் வேகம் கூடும் என்று உறவினர் ஒருவர் சொல்லியிருந்தார். அதனால் பக்கம் திறக்கத் தொடங்கும் கணம் வேண்டுமானால் குறையலாம், ஓடும் காணொளிக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று அதைத் தொடவில்லை.

குறைகளையும் சொல்ல வேண்டும். காலையில் வருவதாகச் சொன்னவர் அஸர் என்ற மாலைத் தொழுகைக்குப் பிறகே வந்தார். வெள்ளிக்கிழமை நண்பகலில் தொலைபேசியை எடுக்கமாட்டார். கேட்காமல் எதையும் விளக்குவதில்லை. பில் தருவதில்லை, வேலைக்கு உத்தரவாதம் என்று எதுவும் எழுதித் தருவதும் இல்லை. கேபிளைச் சுவரில் கிளிப் அடித்த விதம் கோணல்மாணலாக இருக்கிறது. வீட்டுக்கு வர நானூறு ரூபாய், கேபிள் முனைகளுக்குத் தனியாக ஒரு சிறு தொகை வாங்கினார். ஏர்வாடி, பெரியபட்டினம் பக்கம் போவதென்றால் வண்டிச் செலவு கூடும்.

அழைப்பதற்கு முன் மோடத்தில் ‘லாஸ்’ என்றிருக்கும் விளக்கைப் பார்த்துக்கொள்ளுங்கள். அது சிவப்பாக எரிந்தால் ஃபைபரில் ஒளியே வரவில்லை என்று பொருள். அதை இணைப்புத் தருபவரின் ஆள்தான் சரிசெய்ய முடியும், இவருக்கு நானூறு ரூபாய் கொடுத்துப் பயனில்லை.