ரத்தம் கலந்தால் பயமா, கலக்காவிட்டால் பயமா?

மாளிகை, பழைய குடும்பம், வம்சத்தைத் துரத்தும் சாபம். கோத்திக் திகில் கதைக்கு இவ்வளவு போதும். அந்தக் குடும்பத்துக்குப் பணம் எங்கிருந்து வந்தது, யாருடைய ரத்தம் உள்ளே வந்துவிடும் என்று அது நடுங்குகிறது என்று கேட்டுப் பாருங்கள், காலனியம் தானாக வெளியே வரும். நான்கு புத்தகங்களிடம் கேட்கலாம்: பிராம் ஸ்டோக்கரின் ‘டிராகுலா’ (1897), லவ்கிராஃப்டின் ‘தி ஷேடோ ஓவர் இன்ஸ்மவுத்’ (1936), ஜீன் ரீஸின் ‘வைட் சர்காசோ சீ’ (1966), சில்வியா மொரேனோ-கார்சியாவின் ‘மெக்சிகன் கோத்திக்’ (2020). முடிவுகளை உடைக்காமல் பேச முடியாது, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

டிராகுலா பிரபு கோட்டையில் சோபாவில் படுத்துக்கொண்டு என்ன படிக்கிறார் தெரியுமா? இங்கிலாந்தின் ரயில் கால அட்டவணை. லண்டன் தெருவில் நடந்தால் தன்னை யாரும் அந்நியன் என்று அடையாளம் கண்டுவிடக் கூடாது என்பது அவர் ஆசை. மொழியைக் கற்று, நிலத்தை வாங்கி, ஆட்களைத் தன்வயப்படுத்தி, பிரிட்டிஷ் பேரரசு வெளியே செய்ததை எல்லாம் ஒருவர் லண்டனுக்கே வந்து செய்தால் எப்படி இருக்கும்? ஸ்டீபன் அராட்டா என்ற விமர்சகர் 1990இல் இதைத் ‘தலைகீழ்க் காலனியாதிக்கம்’ என்றார். அந்தப் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

ரத்த விஷயத்தில் நாவல் இன்னும் வெளிப்படையானது. பிரபு ரத்தத்தை உறிஞ்சிய லூசி என்ற இளம்பெண்ணுக்கு நான்கு ஆண்கள் மாற்றி மாற்றி ரத்தம் கொடுக்கிறார்கள். அவர்களில் அவளுக்கு நிச்சயிக்கப்பட்ட ஆர்தரின் ரத்தம் மிகத் தூயது என்று டாக்டர் வான் ஹெல்சிங் மெச்சுகிறார். பிரபுவோ, தன் உடம்பில் பல வீர இனங்களின் ரத்தம் ஓடுகிறது என்று பெருமையடிக்கிறார். தூய்மை இங்கிலாந்துக்காரர்கள் பக்கம், கலப்பு வில்லன் பக்கம். ஸ்டோக்கர் இந்தக் கோட்டைக் கடைசிவரை அழிக்கவில்லை. ஆனாலும் பிரபுவின் ரத்தத்தைக் குடித்த கதாநாயகி மினா கடைசியில் ஒரு குழந்தை பெறுகிறாள். அந்தக் குழந்தைக்கு யார் ரத்தம் என்று நாவல் வாயைத் திறப்பதில்லை.

லவ்கிராஃப்டிடம் அந்த நாசூக்கெல்லாம் கிடையாது. அவருடைய இனவெறி கடிதங்களிலேயே கொட்டிக் கிடக்கிறது. அமெரிக்கா 1924இல் தெற்கு, கிழக்கு ஐரோப்பியர்களின் வருகையைச் சட்டம் போட்டு நெருக்கிய காலத்து மனிதர் அவர். இன்ஸ்மவுத் ஒரு பாழடைந்த துறைமுக ஊர். கேப்டன் ஓபெட் மார்ஷ் தென்கடல் தீவுகளுக்கு வணிகம் செய்யப் போய்த் தங்கத்தோடு கடல்வாழ் இனம் ஒன்றின் உறவையும் கொண்டுவருகிறார். அப்புறம் ஊரே கலந்துபோகிறது: இமைக்காத பிதுங்கிய கண்கள், சொரசொரப்பான தோல். பக்கத்து ஊர் ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுப்பவர், இன்ஸ்மவுத்காரர்களை எல்லாரும் வெறுப்பதற்குக் காரணம் இன வெறுப்புதான் என்று போகிறபோக்கில் சொல்கிறார். கூடவே, அப்படி வெறுப்பவர்களைத் தான் குறைசொல்லவில்லை என்றும் சேர்த்துக்கொள்கிறார். கதை மொத்தமும் அந்த ஒரு பேச்சில் இருக்கிறது.

ஆனால் முடிவைப் பாருங்கள். தப்பித்து வந்த கதைசொல்லி, தன் கொள்ளுப்பாட்டியே மார்ஷ் வம்சம் என்று கண்டுபிடிக்கிறான். கண்ணாடியில் தன் முகம் மாறுவதைப் பார்க்கிறான். தற்கொலைக்குத் துப்பாக்கிவரை வாங்குகிறான், சுடவில்லை. கடைசியில் பைத்தியக்கார விடுதியில் அடைபட்டிருக்கும் உறவுக்காரனையும் மீட்டுக்கொண்டு கடலுக்குள் போய்விடலாம் என்று மகிழ்ச்சியாகத் திட்டம் போடுகிறான். கலப்பை அருவருக்க வைப்பதற்காக எழுதிய கதை, ‘நான்தான் அந்தக் கலப்பு’ என்று சொல்லும்போது எழுதியவரின் கையைவிட்டுப் போய்விடுகிறது.

‘மெக்சிகன் கோத்திக்’ இதற்கு நேரடிப் பதில். மொரேனோ-கார்சியா பட்டமேற்படிப்பு ஆய்வேட்டையே லவ்கிராஃப்டின் கதைகளில் பெண்களும் யூஜெனிக்ஸ் (‘உயர்ந்த’ பரம்பரையை மட்டும் பெருக்கினால் மனித இனம் மேம்படும் என்ற) சிந்தனையும் என்பது பற்றித்தான் எழுதினார். கதை 1950இல், மெக்சிகோவின் ஹிடால்கோ மாநிலத்து மலையில் ஓர் ஆங்கிலேயக் குடும்பத்தின் மாளிகையில் நடக்கிறது. வெள்ளிச் சுரங்கப் பணம். இது கற்பனை மட்டுமல்ல. அதே மாநிலத்தின் ரியல் டெல் மான்டேவுக்கு 1820களில் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதிச் சுரங்கத் தொழிலாளர்கள் வந்தார்கள், அவர்களுடைய கல்லறைத் தோட்டம் இன்னும் அங்கே இருக்கிறது.

கதாநாயகி நொயெமி வந்ததும் குடும்பத் தலைவரான கிழவர் ஹோவர்ட் டாயில் கேட்கும் முதல் விஷயம் அவளுடைய நிறம்: அந்த வீட்டுக்கு மருமகளாக வந்த ஒன்றுவிட்ட சகோதரி கத்தலினாவைவிட நீ ரொம்பக் கறுப்பாக இருக்கிறாயே என்று. தோட்டத்துக்கு ஐரோப்பாவிலிருந்து பெட்டி பெட்டியாக மண் வந்திருக்கிறது. டிராகுலா 50 பெட்டி சொந்த மண்ணோடு கப்பலேறியது ஞாபகம் வருகிறதா? இங்கே மண்ணோடு வந்திறங்கியவன் ஆங்கிலேயன். ரத்தம் வெளியே போகக் கூடாதென்று சொந்தத்துக்குள்ளேயே மணந்து அழுகுகிறது அந்தக் குடும்பம். சுவர்களில் பூஞ்சை, அந்தப் பூஞ்சைக்கு உரம் சுரங்கத் தொழிலாளர்களின் பிணம். தூய்மைதான் இங்கே நோய்.

அருமையான ஏற்பாடுதான். எனக்கு உறுத்துவது, வில்லனே தன் கொள்கையை உட்கார்ந்து விளக்குவது. வாசகருக்குச் சந்தேகம் எதுவும் மிஞ்சுவதில்லை, நல்லவர்கள் வீட்டைக் கொளுத்திவிட்டுப் போகிறார்கள். கெட்ட எண்ணத்தோடு எழுதிய இன்ஸ்மவுத் கதை கண்ணாடியை நம் பக்கம் திருப்புகிறது; நல்ல எண்ணத்தோடு எழுதிய இந்த நாவல் நம்மைத் தட்டிக்கொடுத்து அனுப்புகிறது. பயம் எதில் அதிகம் என்றால், முன்னதில்தான்.

இந்த நாலில் என் ஓட்டு ரீஸுக்கு. ‘ஜேன் ஐர்’ (1847) நாவலில் மாடியில் அடைபட்டுக் கூச்சலிடும் நாயகனின் ஜமைக்கா மனைவிக்கு அவர் ஒரு வாழ்க்கை கொடுக்கிறார். அடிமைமுறை ஒழிந்த பின் நொடித்துப்போன தோட்டக் குடும்பத்துப் பெண் அந்துவானெத். கறுப்பினத்தவருக்கு அவள் ‘வெள்ளைக் கரப்பான்’, இங்கிலாந்துக் கணவனுக்கு முழு வெள்ளைக்காரியா என்ற சந்தேகம். வரதட்சணைப் பணத்தை வாங்கிக்கொண்ட அவன், அவள் பெயரையே, ‘ஜேன் ஐர்’ நாவலில் வரும் பெர்த்தா என்று மாற்றுகிறான். பேய் இல்லை, பூஞ்சை இல்லை. ஆனால் ரீஸ் தோட்ட முதலாளி மகளை வெறும் அப்பாவியாக விட்டுவிடவும் இல்லை: கூட விளையாடிய கறுப்பினச் சிறுமி தியா, வீடு எரியும் இரவில் அவள் மேல் கல்லெறிகிறாள், எறிந்துவிட்டு அழுகிறாள்.

‘ஜேன் ஐர்’ படிக்காமல் நேராக இதற்குப் போகலாமா? தாராளமாக. லவ்கிராஃப்டை மட்டும் ‘மெக்சிகன் கோத்திக்’குக்கு முன்னால் படித்துவிடுங்கள், பின்னவர் யாரோடு சண்டை போடுகிறார் என்பது அப்போதுதான் பிடிபடும்.