லா ஸ்காலாவும் மூன்றரை வாட் வால்வும்: ஒன்பது ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

1977-இல் தயாரான ஒரு கிளிப்ஷ் லா ஸ்காலா ஒலிபெருக்கி இணை என் வீட்டுக்கு வந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. டல்லாஸ் அருகே ஒரு தேவாலய மண்டபத்தைக் காலி செய்தபோது விற்பனைக்கு வந்தவை அவை. பலகைகள் எங்கும் கீறல்கள் இருந்தன; ஒரு பெட்டியில் உயர் சுருதி ஒலி ஏறக்குறைய அவிந்துபோயிருந்தது. இன்று அவற்றை இயக்குவது, ஒரு பக்கத்துக்கு மூன்றரை வாட் மட்டுமே தரும் 2ஏ3 வால்வு (டிரான்சிஸ்டருக்கு முந்தைய வெற்றிடக் கண்ணாடிக் குழாய்) ஆம்ப்ளிபயர். இடைப்பட்ட காலத்தில் நான் செய்த மாற்றங்களில் எவை பயன் தந்தன, எவற்றைத் திரும்பப் பெற்றேன் என்பதைப் பழைய ஹார்ன் (கூம்பு) ஒலிபெருக்கிகளை வாங்க எண்ணுவோருக்காக இங்கே எழுதுகிறேன்.

பால் கிளிப்ஷ் 1946-இல் அர்க்கன்சாஸ் மாநிலத்தின் ஹோப் என்னும் சிற்றூரில் தம் நிறுவனத்தைத் தொடங்கினார். அறையின் மூலையையே கூம்பின் நீட்சியாகப் பயன்படுத்தும் கிளிப்ஷ்ஹார்ன்தான் அவருடைய முதல் படைப்பு. லா ஸ்காலா 1963-இல் வந்தது. வின்த்ரப் ராக்கஃபெல்லர் அம்மாநில ஆளுநர் பதவிக்குப் போட்டியிட்டபோது, அவருடைய பிரசாரக் கூட்டங்களுக்காக உருவானது அது. திறந்த வெளியில் பேச்சு தெளிவாகக் கேட்க வேண்டும் என்பதே முதல் தேவையாக இருந்ததால், மனிதக் குரலின் எல்லையில் அதன் தெளிவு வியக்கத்தக்கது. அதே காரணத்தால் அடி ஒலியின் கூம்பு குட்டையாக அமைந்து, 50 ஹெர்ட்ஸ் அருகிலேயே அதன் ஆற்றல் தேய்ந்துவிடுகிறது. பெட்டிக்குள் மடித்து வைக்கப்பட்ட அடி ஒலிக் கூம்பின் பின்னால் 15 அங்குல வூஃபர் (அடி ஒலி அலகு), அதற்கு மேலே உலோகத்தாலான நடுச் சுருதிக் கூம்பு, அதன் அருகே சிறிய ட்வீட்டர் (உயர் சுருதி அலகு) என மூன்று அலகுகள் உள்ளன. 400 ஹெர்ட்ஸிலும் 6000 ஹெர்ட்ஸிலும் ஒலி பிரிக்கப்படுகிறது.

ஊர்த் திருவிழாவில் கம்பத்தின் உச்சியில் கட்டப்பட்ட கூம்பு ஒலிபெருக்கியைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதன் அடிப்படை புதிதன்று. சிறிய சவ்வின் அசைவைக் கூம்பு வெளிக்காற்றோடு படிப்படியாக இணைக்கிறது. அதனால் சவ்வு மிகக் குறைவாக அசைந்தே நிறைய ஒலியைத் தருகிறது, அசைவு குறையும்போது உருக்குலைவும் குறைகிறது. கிளிப்ஷ் தம் வாழ்நாள் முழுவதும் வலியுறுத்திய கருத்து இதுதான். ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தொலைவில் 104 டெசிபெல் என்பது லா ஸ்காலாவுக்கு நிறுவனம் அறிவித்த அளவு. 88 டெசிபெல் தரும் ஒரு சாதாரண ஒலிபெருக்கியோடு ஒப்பிட்டால் வேறுபாடு 16 டெசிபெல்; ஆற்றலில் அது 40 மடங்கு. அதாவது, என் மூன்றரை வாட் செய்யும் வேலையை அந்த ஒலிபெருக்கியில் செய்ய 140 வாட் தேவைப்படும்.

முதலில் கைவைத்தது கிராஸ்ஓவரில்; ஒலியைப் பிரித்து மூன்று அலகுகளுக்கும் அனுப்பும் மின்சுற்று அது. ஏஏ என்னும் வகையைச் சேர்ந்த அந்தப் பலகையில், நடுச் சுருதிக்கு 13 மைக்ரோஃபேரட் அளவுள்ள கெபாசிட்டர் (மின்னூட்டத்தைத் தேக்கும், தாழ்ந்த சுருதியைத் தடுக்கும் உறுப்பு) ஒன்றும், ட்வீட்டருக்கு 2 மைக்ரோஃபேரட் அளவில் இரண்டும் தகர டப்பாக்களில் அடைக்கப்பட்டிருந்தன. நாற்பது ஆண்டுகளில் எண்ணெய்க் கெபாசிட்டர்கள் தளர்வது இயல்பு. அதே அளவில் பாலிப்ரொப்பிலீன் கெபாசிட்டர்களை மாற்றியவுடன், அவிந்திருந்த பெட்டியில் ஜால்ராவின் ஒலி திரும்ப வந்தது. இதைச் செய்வோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அமெரிக்காவில் 1979-இல் தடை செய்யப்பட்ட பிசிபி என்னும் நச்சு எண்ணெய் அந்தக் காலத்து டப்பாக்களில் இருக்கக்கூடும். அவற்றைத் துளையிடவோ குப்பையில் எறியவோ கூடாது. அபாயகரக் கழிவுகளைச் சேகரிக்கும் இடத்தில் ஒப்படைக்க வேண்டும்.

அதன்பின் ஏறத்தாழ ஓராண்டு, எந்தக் கெபாசிட்டர் இனிமை தரும் என்ற தேடலிலேயே கழிந்தது. விலை உயர்ந்த மூன்று வகைகளை மாற்றி மாற்றிப் பொருத்திப் பார்த்தேன். அளவு சரியாக இருக்கும்வரை அவற்றுக்கிடையே நான் கேட்ட வேறுபாடு மிகச் சிறியது. என்னை உறுத்திக்கொண்டிருந்த குறையை எதுவும் தொடவில்லை. குரல் முன்னே தள்ளிக்கொண்டு வந்தது, மிருதங்கத்தின் தொப்பி (அடி ஒலி தரும் முகம்) மெலிந்து கேட்டது. டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிபயரில் இந்தக் குறை இல்லை, வால்வில்தான் இருந்தது. காரணம் இம்பீடன்ஸில் (மாறுமின்னோட்டத்துக்கான எதிர்ப்பில்) இருந்ததை மிகத் தாமதமாகவே உணர்ந்தேன்.

2ஏ3 வால்வை 1933-இல் ஆர்சிஏ என்னும் அமெரிக்க நிறுவனம் வெளியிட்டது. 250 வோல்ட்டில் இயங்கி, 2500 ஓம் சுமையில் மூன்றரை வாட் தரும் இந்த வால்வின் உள் எதிர்ப்பு 800 ஓம். வால்வையும் ஒலிபெருக்கியையும் இணைக்கும் வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மரின் 8 ஓம் முனையில் அது இரண்டரை ஓமாகத் தெரியும். சுருள்களின் எதிர்ப்பையும் சேர்த்தால் மூன்று ஓம். பின்னூட்டம் (வெளியீட்டின் ஒரு பகுதியை உள்ளீட்டுக்குத் திருப்பிப் பிழையைக் குறைக்கும் முறை) இல்லாத என் ஆம்ப்ளிபயரில் இதைக் குறைக்க வேறு எதுவும் இல்லை. மறுபக்கம், லா ஸ்காலாவின் வூஃபர் 4 ஓம் வகை. நடுச் சுருதி அலகு 16 ஓம் வகை. அது கிராஸ்ஓவரில் உள்ள ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மரில் (ஒலி அளவைப் படிப்படியாகக் குறைக்கும் முனைகள் கொண்ட சுருள்) 3 டெசிபெல் குறைக்கும் முனையில் இணைக்கப்பட்டிருப்பதால், ஆம்ப்ளிபயருக்கு 32 ஓமாகத் தோன்றுகிறது. மூன்று ஓம் மூலத்திலிருந்து 4 ஓம் சுமைக்குப் போகும் மின்னழுத்தம் பெரிதும் இழக்கப்படுகிறது. 32 ஓம் சுமைக்குப் போவதோ ஏறக்குறைய முழுமையாகச் சேர்கிறது. தோராயமாகக் கணக்கிட்டால், நடுச் சுருதி அடி ஒலியைவிட 4 டெசிபெல் உயர்ந்துவிடுகிறது. நான் காதால் கேட்ட குறை அப்படியே இந்தக் கணக்கில் இருந்தது.

தீர்வு இரண்டு படிகளில் அமைந்தது. ஒலிபெருக்கி 8 ஓம் என்று குறிக்கப்பட்டிருந்தாலும், ஆம்ப்ளிபயரின் 4 ஓம் முனையில் இணைத்தேன். வெளியீட்டு எதிர்ப்பு பாதியானதால் அந்த வேறுபாடு இரண்டரை டெசிபெல் அளவுக்கு இறங்கியது. அடுத்து, ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மரில் நடுச் சுருதியை 6 டெசிபெல் குறைக்கும் முனைக்கு மாற்றினேன். இங்கே பலர் தவறும் இடம் ஒன்று உண்டு. முனையை மாற்றினால் அந்த அலகின் இம்பீடன்ஸ் 32 ஓமிலிருந்து 64 ஓமாக இரட்டிப்பாகிறது. எனவே 400 ஹெர்ட்ஸ் என்ற பிரிவுப்புள்ளி நகராமல் இருக்க, கெபாசிட்டரையும் பாதியாக்க வேண்டும். 13 மைக்ரோஃபேரட்டுக்குப் பதில் கடையில் கிடைக்கும் 6.8 மைக்ரோஃபேரட் போதுமானது. அன்றைய இரவு மிருதங்கத்தின் இரு முகங்களும் ஒரே வாத்தியத்திலிருந்து வருவதாக முதன்முறையாகக் கேட்டேன். இரண்டு கம்பிகளை இடம் மாற்றியதும் ஒரு மலிவான கெபாசிட்டரும் சேர்ந்து, ஓராண்டுத் தேடல் தராததைத் தந்தன.

பெட்டியில் செய்த வேலைகளை விரைவாகச் சொல்லிவிடலாம். வூஃபரின் பின்னறை காற்றுப்புகாமல் இருந்தால்தான் அடி ஒலிக் கூம்பு ஒழுங்காக வேலை செய்யும். காய்ந்துபோன அடைப்பான்களை எல்லாம் புதுப்பித்தேன். கூம்பின் வாயில் எதிரெதிரே நிற்கும் பக்கப் பலகைகள் அதிராமல் இருக்க, அவற்றுக்கு இடையே ஒரு குறுக்குச் சட்டத்தை இறுக்கமாகப் பொருத்தினேன். பின்னாளில் வந்த லா ஸ்காலா 2-இல் நிறுவனமே ஓர் அங்குலத் தடிமனுள்ள பலகைக்கு மாறியது, இந்த வேலையின் பயனுக்குப் போதுமான சான்று. தாழ்ந்த ஆண் குரலில் இருந்த மெல்லிய பூச்சு விலகியது.

உலோகக் கூம்பைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். எந்த உலோகக் கூம்பையும் விரலால் சுண்டினால் மணி போல ஒலிக்கும். அந்த ஒலி இசையோடு கலக்கும் என்பதை நாகஸ்வரம் கேட்டபோதுதான் தெளிவாக உணர்ந்தேன். நாகஸ்வரத்தின் அணைசும் ஒரு கூம்புதான். சீவாளியின் கூர்மையும் குழலின் கனமும் ஒரே நேரத்தில் வெளிவரும் அந்த நாதத்தை, இந்த ஒலிபெருக்கியைப் போல் உயிரோடு தந்த வேறொன்றை நான் கேட்டதில்லை. ஆனால் மேல் ஸட்ஜத்தில் வித்வான் நின்று ஊதும்போது, ஸ்வரம் நின்ற பிறகும் ஓர் இழை மிச்சம் இருந்தது. கூம்பின் வெளிப்புறம் முழுவதும் பியூட்டைல் ரப்பர் தகட்டை இரு அடுக்காக ஒட்டியபின், சுண்டினால் கட்டையைத் தட்டிய ஓசை மட்டுமே வருகிறது. அந்த இழையும் போய்விட்டது. தவிலின் அடிகளுக்கு இடையே உள்ள மௌனம் தெரியத் தொடங்கியது.

உயர்திறன் ஒலிபெருக்கி வாங்குவோர் எதிர்பாராத இடையூறு ரீங்காரம். ஒலிபெருக்கிக்கு வந்து சேரும் தேவையற்ற மின்னழுத்தம் ஒரு மில்லிவோல்ட்டாக இருந்தாலும், 8 ஓம் கணக்கில் அது ஒரு மீட்டர் தொலைவில் 35 டெசிபெல். நான் முதலில் வாங்கிய பயன்படுத்திய ஆம்ப்ளிபயர், சாதாரண ஒலிபெருக்கியில் மௌனமாக இருந்தது. லா ஸ்காலாவில் இரவு நேரத்தில் அடுத்த அறைவரை முனகியது. 2ஏ3-இன் உள்ளே சூடேறும் கம்பி இழை இரண்டரை வோல்ட் மாறுமின்னோட்டத்தில் எரிவதும், அந்த இழையே கேத்தோடாக (எலக்ட்ரான்களை வெளியிடும் முனையாக) இருப்பதும் இதற்கு முக்கியக் காரணம். சமன்படுத்தும் பொட்டென்ஷியோமீட்டரைத் திருப்பி ஓரளவு குறைத்தேன்; பிறகு இழைகளுக்கு நேர்மின்னோட்ட வழங்கியை அமைத்தபின்தான் காதை ஹார்னில் வைத்தால் மட்டும் கேட்கும் அளவுக்கு அது அடங்கியது. இந்த வேலையில் அனுபவம் இல்லாதவர்கள் இறங்க வேண்டாம். மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் கெபாசிட்டர்களில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கும்.

திரும்பப் பெற்ற மாற்றம் ஒன்று உண்டு. அடி ஒலிக் குறையை நிரப்ப ஒரு சப்வூஃபரைச் சேர்த்து நான்கு மாதங்கள் முயன்றேன். கூம்பிலிருந்து வரும் அடி ஒலியின் துடிப்போடு அது ஒருமுறையும் இயைந்து போகவில்லை. அதை விலக்கிவிட்டுப் பெட்டிகளை மூலைகளை நோக்கி நகர்த்தியது, எனக்கு வேண்டிய அளவு கனத்தைத் தந்துவிட்டது. பெரிய வாத்தியக் குழுவின் திரையிசையை மட்டும், பன்னிரண்டு வாட் தரும் ஒரு இஎல்84 புஷ்-புல் (வால்வுகள் ஜோடியாக இயங்கும்) ஆம்ப்ளிபயரில் கேட்கிறேன். பின்னூட்டம் உள்ள அதன் வெளியீட்டு எதிர்ப்பு குறைவு என்பதால், அப்போது நடுச் சுருதி சற்றுப் பின்வாங்கிக் கேட்கிறது. இரண்டு ஆம்ப்ளிபயருக்கும் ஒரே கிராஸ்ஓவர் அமைப்பு பொருந்தாது என்பதால், முனை மாற்றும் சுவிட்ச் ஒன்றைப் பொருத்தும் எண்ணம் இருக்கிறது. அதற்கான கெபாசிட்டர் மதிப்பையும் சேர்த்து மாற்றும்படி சுவிட்ச் அமைய வேண்டும்.

தொழிற்சாலையிலிருந்து வந்த இரு ஏஏ பலகைகளில், கெபாசிட்டர்களை நீக்கிய இடங்களைக் குறித்து, எந்தக் கம்பி எந்த முனையில் இருந்தது என்ற வரைபடத்தோடு ஒரு பெட்டியில் வைத்திருக்கிறேன். புதிய கிராஸ்ஓவர் தனிப் பலகையில் இருப்பதால், எனக்குப் பின் இவற்றை வாங்குபவர் எட்டுத் திருகாணிகளைக் கழற்றினால் 1977-இன் அமைப்புக்கே திரும்பிவிடலாம்.