கடைசியாகக் கை வைத்த இடம்

மஸ்கட்டிலிருந்து இந்த முறை 20 நாள் லீவில்தான் கடலூர் வந்தேன். அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன் முடிந்திருந்தது. தவளக்குப்பம் அரவிந்த் கண் மருத்துவமனைக்கு மறுபரிசோதனைக்குக் கூட்டிப் போக வேண்டும். மஞ்சக்குப்பத்திலிருந்து பாண்டி ரோட்டில் நேராகப் போகிற வழிதான், பஸ்ஸுக்கும் குறைவில்லை. ஆனால் கறுப்புக் கண்ணாடி போட்ட 72 வயது மனிதரைக் கூட்டத்தில் ஏற்றி இறக்க மனம் வரவில்லை. வீட்டில் அப்பாவின் டிஎன் 31 கார் இருக்கிறது. சின்ன வண்டி, மூன்று சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின்.

வந்த மறுநாள் பானட்டைத் திறந்தால் தீய்ந்த ஆயில் வாடை. இன்ஜின் தலையை மூடும் டேப்பெட் கவர் ஓரமாகக் கசிந்து சூடான இன்ஜின் மேல் வழிந்திருந்தது. வீட்டுக்குப் பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். சாயங்காலமே கவருக்கடியில் கசிவைத் தடுக்கும் புது பேக்கிங் போட்டுக் கொடுத்துவிட்டார்கள், 1,800 ரூபாய். கசிவு நின்றுவிட்டது.

அடுத்த நாள் காலை ஸ்டார்ட் செய்தபோதுதான் தெரிந்தது. வண்டி நின்ற இடத்திலேயே குலுங்கியது, ஸ்டீயரிங்கில் வைத்த கை அதிர்ந்தது. இரண்டாவது கியரில் எவ்வளவு மிதித்தாலும் பிக்கப் இல்லை. டேஷ்போர்டில் மஞ்சள் இன்ஜின் விளக்கு. நம் ஊரில் சொல்வதுபோல், மிஸ்ஸிங் அடித்தது; பெட்ரோல் சரியாக எரியாமல் இன்ஜின் தடுமாறியது.

திரும்பக் கொண்டுபோனேன். "புது பேக்கிங் சார், செட் ஆகட்டும். ரெண்டு நாள் ஓட்டுங்க" என்றார் கடைக்காரர். பேக்கிங்குக்கும் இந்தக் குலுக்கலுக்கும் என்ன சம்பந்தம் என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை. இரண்டு நாளில் எதுவும் மாறவில்லை. வேறொரு கடைக்குப் போனேன். அவர் முதலில் கேட்டது, "பெட்ரோல் எங்க போட்டீங்க?" முள்ளோடையில் போட்டேன் என்றேன். பாண்டியில் விலை குறைவு என்பதால் எல்லையைத் தாண்டிப் போய் டேங்கை நிரப்புவது கடலூர்க்காரர்களுக்குப் பழக்கம். "அதான் சார் காரணம். பாண்டி பெட்ரோல், அதுல எத்தனால் வேற. இன்ஜெக்டர் கிளீன் பண்ணணும், மூணு பிளக் மாத்தணும்" என்றார். பிளக் மட்டும் மாற்றச் சொன்னேன். 900 ரூபாய் போனது. நடுக்கம் கொஞ்சமும் குறையவில்லை.

அப்பாவின் தேதி வந்துவிட்டது. வேறு வழியில்லாமல் அதே வண்டியில் கிளம்பினோம். பெண்ணையாற்றுப் பாலம், ரெட்டிச்சாவடி எல்லாம் தாண்டி கிருமாம்பாக்கம் நெருங்கும்போது அதுவரை நிலையாக எரிந்த மஞ்சள் விளக்கு மின்ன ஆரம்பித்தது. நிலையாக எரிந்தால் மெதுவாக ஓட்டிக் கடைக்குப் போகலாம். மின்னினால் சேதம் நடந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். எரியாத பெட்ரோல் சைலன்ஸர் குழாயில் இறங்கி, அங்கே புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கண்டபடி சூடாக்கிக் கெடுத்துவிடும். அதை மாற்றுவதென்றால் ஆயிரங்களில் போய்விடும். ஓரங்கட்டி நிறுத்தினேன். அப்பாவையும் கூட வந்த தங்கையையும் ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, விளக்கு நின்றபின் ஆக்சிலரேட்டரை அதிகம் மிதிக்காமல் ஊர்ந்து, ரோட்டோரம் முதலில் கண்ணில் பட்ட மெக்கானிக் ஷெட்டில் நுழைந்தேன்.

தகரக் கூரை, ஒரு கம்ப்ரஸர், ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர், உதவிக்கு ஒரு பையன். பானட்டைத் திறக்கும் முன்பே அவர் கேட்டார்: "தம்பி, கடைசியா எதுல கை வெச்சாங்க?"

இரண்டு கடைகளிலும் யாரும் இதைக் கேட்கவில்லை. டேப்பெட் கவர் பேக்கிங், அப்புறம் பிளக் என்றேன். "அதுக்கு முன்னாடி நல்லா ஓடுச்சா?" ஓடியது அண்ணே என்றேன். "அப்ப அங்கேருந்துதான் பாக்கணும்."

பின்பக்கம் போய் சைலன்ஸர் வாயில் உள்ளங்கையைக் காட்டினார். என்னையும் காட்டச் சொன்னார். புகை ஒரே சீராக வரவில்லை. இடையிடையே விட்டுவிட்டு, நீர்த்த புகையாகக் கையில் பட்டது. அடுத்து ஒரு சின்ன ஸ்கேனரைச் சொருகினார். பி0302 என்று வந்தது. பி0300 என்றால் பொதுவான மிஸ்ஃபயர், கடைசி எண் மாறினால் அது எந்த சிலிண்டர் என்று சொல்கிறது என்று விளக்கினார். இது இரண்டாவது. "பெட்ரோல் கெட்டிருந்தா மூணும்தான் திணறணும். இது ஒண்ணு மட்டும் ஏன் அழுவுது?" என்றார். பெட்ரோல் பேச்சு எனக்கு அதோடு முடிந்தது.

இன்ஜின் ஓடும்போதே, பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களின் மின் இணைப்புக் கப்ளர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினார். முதலாவதைக் கழற்றியதும் வண்டி இன்னும் மோசமாக ஆடியது. மூன்றாவதுக்கும் அப்படியே. இரண்டாவதைக் கழற்றினால் எந்த மாற்றமும் இல்லை. ஏற்கெனவே வேலை செய்யாத சிலிண்டர், நிறுத்தினாலும் என்ன தெரியும்?

இன்ஜினை அணைத்து, பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் காயில்களில் இரண்டாவதை இழுத்தார். அதன் ரப்பர் குழல் நுனியிலிருந்து பாதி உயரம் வரை ஆயிலில் நனைந்து பளபளத்தது. டார்ச் அடித்துப் பிளக் குழியைக் காட்டினார். அடியில் கருப்பாக ஆயில் தேங்கி நின்றது. கவரைத் தூக்கும்போது உள்ளே வழிந்ததை யாரும் துடைக்கவில்லை. துடைக்காமலே மேலே புது பிளக்கையும் திருகியிருக்கிறார்கள். ரப்பரை வெளிச்சத்தில் திருப்பியபோது பக்கவாட்டில் மயிரிழை அளவுக்கு ஒரு கிழிசல். கவரைக் கழற்றுவதற்குக் காயிலைப் பிடுங்கியபோது விழுந்ததாக இருக்கும். பிளக் நுனியில் பாய வேண்டிய மின்பொறி அந்தக் கிழிசல் வழியாகக் குழியின் உலோகச் சுவருக்குத் தாவிவிடுகிறது.

நானாக இருந்தால் உடனே புது காயில் வாங்கு என்று சொல்லியிருப்பேன். அவர் சொல்லவில்லை. குழியில் ஸ்ப்ரே அடித்து, காற்று பீய்ச்சி, ஸ்க்ரூடிரைவரில் துணி சுற்றித் துடைத்து முடித்த பிறகுதான் பிளக்கைக் கழற்றினார். முன்னால் கழற்றினால் அழுக்கும் ஆயிலும் சிலிண்டருக்குள் விழும். எல்லாவற்றையும் சுத்தமாக மாட்டியபின், கிழிந்த ரப்பரை மட்டும் மூன்றாவது காயிலில் போட்டு, மூன்றாவதின் நல்ல ரப்பரை இரண்டாவதற்குக் கொடுத்தார். ஸ்கேனரில் வந்த பழைய எண்ணை அழித்துவிட்டு வண்டியை ஓடவிட்டார். கொஞ்ச நேரத்தில் பி0303. பழுது ரப்பரோடு கூடவே நகர்ந்துவிட்டது. காயில் நன்றாகத்தான் இருக்கிறது.

இந்த ஒரு சோதனையை மட்டும் லீவில் ஊருக்கு வருகிற எல்லோருக்கும் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. பாகம் வாங்குமுன் பழுது எதோடு போகிறது என்று இடம் மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்குச் செலவு கிடையாது, பத்து நிமிடம்தான். நமக்கு நாள் குறைவு என்று தெரிந்தால் அவசரத்தில் எதை மாற்றச் சொன்னாலும் சரி என்றுவிடுகிறோம். கழற்றிய பழைய பாகத்தையும் கேட்டு வாங்குங்கள்.

கவரையும் மறுபடி கழற்றினார். வெளி பேக்கிங் புதியதுதான். ஆனால் பிளக் குழிகளைச் சுற்றி உட்காரும் மூன்று ரப்பர் வளையங்களும் பழையவை, கல்லாக இறுகிப் போயிருந்தன. அவற்றை விட்டிருந்தால் குழியில் திரும்பவும் ஆயில் இறங்கும். பையன் பைக்கில் பாண்டிக்குப் போய் வளையங்களும் ரப்பரும் வாங்கி வந்தான். கூலியோடு எல்லாம் சேர்த்து 1,150 ரூபாய். பில்லில் ஒவ்வொன்றும் தனித்தனியாக எழுதியிருந்தது.

அப்பாவை ஆஸ்பத்திரி வாசலில் ஏற்றிக்கொண்டேன். பார்வை நன்றாக இருக்கிறதாம். கன்னியக்கோயில் அருகே நெரிசலில் நின்றபோது அவர் டேஷ்போர்டில் கையை வைத்துப் பார்த்தார். "ஆஃப் ஆயிடுச்சாடா?" என்றார். இல்லப்பா, ஓடுது என்றேன்.

மறுநாள் அந்தக் கிழிந்த ரப்பரையும் மூன்று வளையங்களையும் பையில் போட்டு முதல் ஒர்க்‌ஷாப்புக்கே போனேன். நான் போனபின் அப்பா வண்டியை அவரிடம்தான் விடுவார், வீட்டிலிருந்து நடக்கிற தூரம். சண்டை போடப் போகவில்லை என்று முதலிலேயே சொன்னேன். அவர் ரப்பரை விரலால் மடக்கி, கிழிசல் விரிவதைப் பார்த்தார். "இந்த வளையம் தனியா வருதா? எங்க கிடைச்சுது?" என்று கேட்டார். பில்லில் இருந்த பார்ட் நம்பரைத் தன் போனில் போட்டோ எடுத்துக்கொண்டார்.